பத்துக்கு எத்தனை?

எங்கள் யார்டுக்கு வந்த கவுன்சிலிங் மேடத்துக்கு உலகத்தில் எதுவும் பத்தைத் தாண்டாது. தலைவலி, மாமியார், மேனேஜர், முழங்கால், சித்திரை வெயில் என எதைச் சொன்னாலும் அதைப் பூஜ்யத்துக்கும் பத்துக்கும் இடையில் ஓர் எண்ணாக மாற்றிக் கொடுத்தால்தான் அந்த அம்மாவுக்கு விளங்கும். "மனசு சரியில்ல மேடம்" என்று போய் நின்றால், "பத்துக்கு எத்தனை?" என்பார். "என்னன்னே தெரியல மேடம்" என்றால், "என்னன்னு தெரிய வேண்டாம். எத்தனைன்னு சொல்லுங்க" என்பார்.

நான் தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் டாக்குமென்ட் எழுதுகிறவன். கப்பலுக்குப் போகிற கன்டெய்னர் பெட்டிக்குள் என்ன இருக்கிறது, அது எவ்வளவு எடை என்று தாளில் எழுதிக் கொடுப்பது என் வேலை. பெட்டியை நான் திறந்து பார்ப்பதில்லை. பார்த்தால் எழுத முடியாது. துறைமுகத்துக்கு வெளியே பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கும் தனியார் யார்டு ஒன்றில்தான் என் பாதி நாள் கழியும். அங்கேதான், நாலைந்து வருடத்துக்கு முன்னால், அந்த அம்மாவைப் பார்த்தேன்.

வெளிநாட்டு வாடிக்கையாளர் யாரோ, தொழிலாளர் மனநலத்துக்கு என்ன செய்கிறீர்கள் என்று யார்டு கம்பெனியைக் கேட்டிருக்கிறார். கம்பெனி பதில் தெரியாமல் விழித்துவிட்டு, இந்த அம்மாவை வரவழைத்தது. செவ்வாயும் வெள்ளியும் வருவார். சொந்த ஊர் மணப்பாடு, வீட்டில் எல்லா ஆண்களும் கப்பலுக்குப் போனவர்கள் என்று பிறகு தெரிந்தது. ஸ்கூட்டர், கறுப்புக் குடை, அவித்த கடலை அடைத்த ஒரு டப்பா, ஒரு கட்டு கட்டம் போட்ட கணக்கு நோட்டு. இவ்வளவுதான் உபகரணம். உட்கார ஒரு பழைய கன்டெய்னரில் கதவும் ஜன்னலும் வெட்டிக் கொடுத்திருந்தார்கள். ஏ.சி. ஒழுகும். ஒழுகுகிற இடத்தில் ஒரு வாளியை வைத்துவிட்டுக் கதவைத் திறந்தே வைத்திருப்பார்.

ஆளுக்கொரு நோட்டு. நோட்டின் மேல் பெயர் கிடையாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒட்டுகிற படம் ஒன்று மட்டும் இருக்கும்: முயல், மாம்பழம், மஞ்சள் குடை. இதுவே சந்தேகத்துக்கு இடம் கொடுத்தது. பெயர் இல்லாத காகிதத்தை எங்கள் தொழிலில் யாரும் நல்ல நோக்கத்துக்காகத் தயாரிப்பதில்லை.

யார்டு வாசல் டீக்கடையில் விசாரணை நடந்தது.

"ஏலே, இந்தம்மா யாரு ஆளு?" என்றார் ஒரு டிரெய்லர் டிரைவர்.

"கம்பெனி ஆளு. வேற யாரு கூட்டியாந்தா?" என்றார் டீக்கடை அண்ணாச்சி.

"மனசுக்கு டாக்டராம்லா."

"மனசுக்கு டாக்டருன்னா ஆஸ்பத்திரில இருக்கணும். இங்கன என்ன சோலி?"

இந்த இடத்தில் படித்தவன் ஒருவன் பேச வேண்டியிருந்தது. பேசினேன். மனோதத்துவம் பற்றி என்னிடம் மூன்று புத்தகங்கள் இருக்கின்றன. மூன்றையும் நாற்பதாம் பக்கம் வரை படித்திருக்கிறேன். அதற்கு மேல் போனால் என் வீட்டாரைப் பற்றி எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்த நூற்றிருபது பக்கத் தகுதியில் சொன்னேன்: "இது ஆள் குறைக்கிறதுக்கு முன்னால எடுக்கிற பட்டியல். அஞ்சுக்கு மேல சொல்றவன் வெளிய போவான். பாத்துக்கிட்டே இருங்க."

டீ குடிக்கத் தொடங்கும்போது அது என் ஊகம். டம்ளரைக் கீழே வைக்கும்போது அது செய்தி. மறுநாள் காலையில் அது கம்பெனி சர்க்குலர் அளவுக்கு உறுதியாகிவிட்டது. அதன் பிறகு அந்த அறைக்குள் போனவர்கள் எல்லாரும் பூஜ்யம் என்றார்கள். துணிச்சல்காரர்கள் ஒன்று என்றார்கள். அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த டிரைவர் ஒருவர், "அரை, மேடம்" என்றாராம். அந்த மாதம் எங்கள் யார்டைப் போல மகிழ்ச்சியான இடம் பூமியில் வேறெங்கும் இருந்திருக்காது.

உண்மையைச் சொன்னவர் டீக்கடை அண்ணாச்சி ஒருவர்தான். அவர் கம்பெனி ஆள் இல்லை, இழக்க ஒன்றுமில்லை. முழங்கால் வலி எத்தனை என்று கேட்டதற்கு, "பதினொண்ணு" என்றார்.

"பத்துக்கு மேல கிடையாது அண்ணாச்சி."

"அப்ப உங்க அளவுகோல்தான் சின்னது."

அந்த அம்மா சிரிக்கவில்லை. பத்து என்று குறித்துக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் கேட்டார். அண்ணாச்சி யோசித்து, "ஒம்பது" என்றார்.

"ஒண்ணு குறஞ்சிருக்கே. என்ன செஞ்சிய?"

"ஒண்ணுஞ் செய்யல. நேத்து பால்காரன் ஸ்டூல மறந்து வச்சிட்டுப் போனான். அதுல உக்காந்து ஆத்துனேன்."

"அப்ப உக்காந்தே ஆத்துங்க."

அண்ணாச்சி அன்றிலிருந்து உட்கார்ந்தே டீ ஆற்றினார். இதைச் சொல்ல ஒரு டாக்டரா, யார் வேண்டுமானாலும் சொல்லலாமே என்று நாங்கள் சிரித்தோம். இருபது வருடமாக அவர் கடையில் டீ குடிக்கிற நாங்கள் யாரும் அதைச் சொல்லியிருக்கவில்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

நானும் ஒரு நாள் வாசலில் நின்றபடி நேராகவே கேட்டேன். "மேடம், இதெல்லாம் யாருக்கு ரிப்போர்ட்டாப் போகுது?"

"எத்தனை பேர் வந்தாங்கன்னு மட்டும் போகும்."

"நம்பலாமா?"

"பத்துக்கு எத்தனை நம்புதிய?"

"ஒண்ணு."

"பூஜ்யம்னு சொல்லலியே. போதும்" என்று சொல்லிவிட்டுக் கடலை டப்பாவை நீட்டினார். நான் எடுக்கவில்லை. சாட்சியைக் கலைக்கிற வேலை என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை தோறும் பத்து நிமிடம் மேனேஜர் அறைக்குப் போய்வருகிறாரே, எத்தனை பேர் வந்தார்கள் என்று சொல்லப் பத்து நிமிடம் எதற்கு? சம்பளம் கொடுப்பது கம்பெனி. மனசு தொழிலாளியுடையது. நடுவில் நிற்கிறவர் யாருடைய ஆள் என்பது என் புத்தகங்களில் நாற்பதாம் பக்கத்துக்குப் பிறகு இருந்ததோ என்னவோ.

இந்தச் சந்தேகம் சும்மா பொழுதுபோக்காக இருந்திருக்கும், என் மச்சினன் செல்வம் அந்த அறைக்குள் போகாதவரை.

செல்வம் என் மனைவியின் தம்பி. யார்டு கிரேன் ஆபரேட்டர். ஐந்து மாடி உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிறவன். மேலே இருந்து பார்த்தால் கடல் ஒரு பக்கம், உப்பளம் ஒரு பக்கம், நடுவில் நீங்கள் எறும்பு மாதிரி தாளைத் தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள் அத்தான் என்று சொல்வான். ஒரு பகலில், தாளில் பதினாலு டன் என்று எழுதியிருந்த பெட்டி ஒன்றை அவன் தூக்கினான். உள்ளே அதைப் போல இரண்டு மடங்கு கிரானைட் பலகை. அதுவும் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. ரோட்டில் எடை மிஞ்சினால் லாரியைப் பிடிப்பார்கள் என்று குறைத்து எழுதுவது ஊர் வழக்கம். பெட்டி மேலே போனதும் சாய்ந்தது, ஊசலாடியது, பக்கத்து அடுக்கில் மோதியது, அலாரம் அலறியது, கீழே நின்ற காலி டிரெய்லர் மேல் விழுந்தது. டிரைவர் அப்போதுதான் டீக்கு இறங்கியிருந்தார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

விழுந்த பெட்டியின் தாள் எங்கள் ஆபீஸ் தாள் இல்லை என்று நான் பார்த்துக்கொண்டேன். செல்வம் பத்திரமாக இருக்கிறானா என்று பார்ப்பதற்கு முன்னாலேயே பார்த்துக்கொண்டேன். அதே வாரம் நான் எழுதிய தாள்களின் பெட்டிகள் எந்தக் கப்பலில் எந்த அடுக்கில் போய்க்கொண்டிருந்தன என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. அன்றிலிருந்து யார்டில் அலாரம் அடித்தால் என் பேனா நின்றுவிடும். மை பிரச்சினை என்று பேனாவை மாற்றினேன்.

செல்வம் அதன் பிறகு கிரேன் ஏறவில்லை. ஏணியில் கை வைத்தால் நெஞ்சு அடைக்கிறது, உள்ளங்கை நனைகிறது என்றான். "யாருக்கும் ஒண்ணும் ஆகலியேலே" என்று ஊரே அவனுக்கு ஆறுதல் சொன்னது. ஒன்றும் ஆகாததற்குப் பயப்படுகிறோமே என்று அவனுக்கு வெட்கமும் சேர்ந்துகொண்டது. கிரேனோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி பார்க்க ஏறமாட்டேன் என்றான். ரயில்வே மேம்பாலத்தைத் தவிர்த்துச் சுற்றிப் போனான். முப்பது வயது ஆள் தரைமட்டத்திலேயே வாழத் தொடங்கினான். மாதக் கடைசிக்குள் ஏறிக் காட்டாவிட்டால் ஆபரேட்டர் வேலை இன்னொருவனுக்கு. இவனுக்கு வாசல் கேட்டில் நாற்காலி என்று கம்பெனி சொல்லிவிட்டது.

மேடம் அவனுக்கு மஞ்சள் குடை ஒட்டிய நோட்டைப் போட்டார். நாங்கள் எதிர்பார்த்தது தனி அறை, கண்ணை மூடு, குழந்தைப் பருவம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவனை அழைத்துக்கொண்டு போய்க் கிரேன் காலடியில் நிறுத்தினார். பக்கத்தில் தானும் நின்றார். குடையை இருவருக்கும் பொதுவாகப் பிடித்துக்கொண்டு கடலை தின்றார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, "எத்தனை?"

"எட்டு."

கடலை.

"இப்பம்?"

"எட்டுதான் மேடம்."

கடலை.

"இப்பம்?"

"ஏழு இருக்கும்."

எண் பாதியாகும் வரை நகரக் கூடாது. அதுதான் வைத்தியம். பயப்படாதே என்று அந்த அம்மா ஒரு தடவைகூடச் சொல்லி நான் கேட்டதில்லை. அடுத்த தடவை ஏணியைத் தொட வேண்டும். அப்புறம் முதல் படி. அப்புறம் ஐந்தாம் படி. ஏணியில் இரண்டு மேடைகள் உண்டு. அவற்றைத் தாண்டினால் கூண்டு. யார்டே வேடிக்கை பார்த்தது. "ஏலே செல்வம், மேடம் ஒன்னியக் கல்யாண ஊர்வலம் கூட்டிட்டுப் போறாவளா?" என்று குரல் கொடுத்தார்கள். நானும் தாள் வாங்குகிற சாக்கில் ஒவ்வொரு தடவையும் போய் நின்றேன். மூன்றாம் வாரத்தில் அவன் முதல் மேடையில் நின்றிருந்தான். நின்றபோது எண் ஏழு.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்திருந்தான். என் மனைவி மீன் குழம்பை அவன் தட்டில் ஊற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "மாசம் முடியப் போகுது. நீங்க அந்த யார்டுலதான கெடக்கிய. தம்பிக்கு ஏதாவது செய்யுங்க." நான் ஏதாவது செய்தேன். அங்கேதான் கெட்டது.

"மாப்ள, அந்தம்மாகிட்ட எத்தனை சொல்லுத?"

"உள்ளதத்தான் அத்தான். ஏழுன்னா ஏழு."

"ஏழுன்னு எழுத்துல இருக்கா?"

"நோட்டுல இருக்கு."

"ஏலே, நீ என்ன பச்சப்பிள்ளையா? நாளைக்கு எவனாவது அந்த நோட்ட எடுத்து மேனேஜர் மேசைல வச்சா முடிஞ்சது கதை. மூணுன்னு போடு. உள்ள எவ்வளவு வேணா இருக்கட்டும். தாள்ல குறைவா இருந்தாத்தான் பெட்டி நகரும்."

அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். "பெட்டி விழுந்துச்சே அத்தான்."

"அது வேற" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. செல்வம் இடுப்பில் பெல்ட் மாட்டி முதல் மேடையில் நின்றான். கீழே இருந்து மேடம் கேட்டார். "மூணு" என்றான். அந்த அம்மா நோட்டில் எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "மூணா? அப்ப ரெண்டாவது மேடைக்கே போலாமே. மெதுவாப் போங்க" என்றார்.

போனான். இரண்டு மேடைக்கும் நடுவில், எங்கேயோ ஒரு படியில், நின்றான். பெல்ட் கொக்கி மாட்டியிருந்ததால் விழ மாட்டான். ஆனால் அவன் கம்பியைக் கட்டிக்கொண்டு, கன்னத்தை இரும்பில் அழுத்திக்கொண்டு, அப்படியே ஒட்டிப் போனான். ஏறவில்லை, இறங்கவில்லை. டிரெய்லர்கள் வரிசையில் நின்றன. "கீழ பாக்காதலே" என்று நாலு பேர் கத்தினார்கள். அதற்குப் பிறகு கீழே பார்க்காமல் யாரால் இருக்க முடியும்? மேனேஜர் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டார்.

மேடம் குடையை என் கையில் கொடுத்தார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினார். முதல் மேடைக்குப் போய்ச் சேர்வதற்குள் மூன்று தடவை நின்றார். அங்கிருந்து மேலே பார்த்துக் கேட்டார்:

"செல்வம், பத்துக்கு எத்தனை?"

"மூணு."

குரல் ஆட்டுக்குட்டியின் குரல் போல வந்தது. அந்த அம்மா நோட்டைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எத்தனை?"

"மூணு, மேடம். மூணுதான்."

மூன்றில் இருக்கிற மனிதன் சும்மா நடந்து இறங்கிவிடலாம். மேடத்தின் முகம், தாளில் உள்ளதும் எதிரில் தொங்குவதும் ஒத்துப்போகாத ஆளின் முகம். பெட்டி விழுந்த அன்றைக்குக் கூண்டிலிருந்து இறக்கிக் கொண்டுவந்தபோது செல்வத்தின் முகத்தில் அதைப் பார்த்திருக்கிறேன். அவன் உயிர் போனாலும் மூன்று என்றுதான் சொல்வான். அத்தான் சொல்லிக் கொடுத்தது. அவன் சொல்கிற ஒவ்வொரு மூன்றுக்கும் அந்த அம்மா தப்பான இடத்திலிருந்து கயிறு வீசுவார். மேனேஜர் என்னிடமிருந்து ஆறடி தள்ளி நின்றார். என் கையில் மேடத்தின் குடை.

"மாப்ள" என்று கத்தினேன். "உள்ளதச் சொல்லுலே. நான் சொல்லிக் குடுத்தத விடு."

பிறகு மேலிருந்து வந்தது: "பத்து. பத்துக்கும் மேல, அத்தான்."

"பத்துக்கு மேல கிடையாது" என்றார் மேடம். குரலில் பழைய தெளிவு வந்துவிட்டது. "சரி, பத்து. இப்பம் ஏறவும் வேண்டாம், எறங்கவும் வேண்டாம். பத்துலயே நிப்போம். நானும் நிக்கேன். எனக்கு இங்கன ஆறு."

"ஒங்களுக்குமா?" என்றான் அவன்.

"ஏணின்னா எனக்குச் சின்ன வயசுலேருந்தே ஆறுதான்."

கீழே இருந்து டீக்கடை அண்ணாச்சி, "எனக்கு எட்டு மேடம். போட்ட டீ பூரா ஆறிப்போச்சு" என்றார். மேலே யாரோ மூக்கால் சிரித்த மாதிரி ஒரு சத்தம். பத்து. ஒன்பது. மறுபடியும் ஒன்பது. எட்டு. வெயிலில் அரை மணி நேரம் இந்த ஏலம் நடந்தது. ஆறு என்று சொன்னபோது செல்வம் தானாகவே ஒரு படி இறங்கினான். பிறகு இன்னொரு படி.

மாலையில் மேடம் என்னை அறைக்கு அழைத்தார். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்பார், கம்பெனிகள், உளவு, தொழிலாளி நலன் என்று விரிவாகப் பதில் சொல்லலாம் என்று ஒரு பிரசங்கமே தயாராக வைத்திருந்தேன். கேட்கவில்லை.

"எங்கிட்ட எடைமேடை கிடையாது" என்றார். "நீங்க சொல்லுதத நம்பித்தான் தூக்குதேன்."

நான் ஒழுகுகிற ஏ.சி.யைப் பார்த்தேன்.

"உங்க தாள்ல எடையை எப்படி எழுதுவிய? சொல்லுங்க, தெரிஞ்சிக்கிடுதேன்."

சொன்னேன். நடுவில் கோடு போட்டு, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பத்தி இருக்கும். ஒன்றில், சரக்குக்காரர் அறிவித்த எடை. இன்னொன்றில், எடைமேடையில் ஏற்றிச் சரிபார்த்த எடை.

"ரெண்டும் ஒண்ணாவா இருக்கும்?"

"ஒண்ணாத்தான் இருக்கும். ரெண்டையும் நான்தான் எழுதுவேன்."

அப்போதும் சிரிக்கவில்லை. "அந்தப் பெட்டி விழுந்ததிலேருந்து ஒவ்வொரு தடவையும் அங்கன வந்து நிக்கிய. ஒங்களுக்குப் பத்துக்கு எத்தனை?"

"எது மேடம்?"

"எதுவோ அது."

"ரெண்டு" என்றேன். புதிய நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டு எழுதினார். தலைகீழாக இருக்கிற எழுத்தைப் படிப்பது எங்கள் தொழிலில் அடிப்படைத் தகுதி. ஆனால் அந்த அம்மா கை மறைத்தது.

திங்கட்கிழமை மேனேஜர் என்னைப் பார்த்து, "நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களாமே" என்றார். மேடம்தான் போட்டுக் கொடுத்திருக்கிறார் என்று இரண்டு நாள் உறுதியாக நம்பினேன். யார்டு முழுக்கக் கேட்கும்படி நானே கத்தியது மூன்றாம் நாள்தான் நினைவுக்கு வந்தது.

செல்வத்தை உடனே கேட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று மேனேஜர் முடிவு செய்திருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை மேடம் அவர் அறைக்குள் பத்து நிமிடத்துக்குப் போய், ஒரு மணி நேரம் கழித்து வந்தார். டீ கொண்டுபோன அண்ணாச்சி திரும்பி வந்து டம்ளர்களைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "மூணுன்னு கேட்டதும் சோதிக்காம மேல ஏத்துனது நான், தப்பு எம்மேல, அவனுக்கு ஆறு வாரம் குடுங்கன்னு சொல்லுதாவ. ஒங்க பேரே வரல."

இதிலும் ஏதாவது உள்நோக்கம் இருக்கும் என்று யோசித்தேன். தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அப்படிச் சொல்லியிருப்பார் என்று நிறுவப் பார்த்தேன். தப்பு என்மேல் என்று சொல்லி வேலையைக் காப்பாற்றிக்கொண்ட ஒருவரையும் என் அனுபவத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. செல்வத்துக்கு ஆறு வாரம் கிடைத்தது. மேடத்துக்கு, அந்த ஆறு வாரம் முடிந்ததும் வர வேண்டாம் என்று கடிதம் கிடைத்தது.

ஆறு வாரமும் பழையபடி குடை, கடலை, எத்தனை. கடைசி வெள்ளிக்கிழமை அந்த அம்மா யார்டைச் சுற்றி நடந்து அவரவர் நோட்டை அவரவரிடம் திருப்பிக் கொடுத்தார். கம்பெனிக்கு ஒரு நோட்டும் போகவில்லை. அரை என்று சொன்ன டிரைவர் தன் நோட்டை வாங்கி, மாம்பழத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, டிரெய்லரின் சாமி படத்துக்குப் பின்னால் செருகிக்கொண்டார். என்னுடையதை என் கையில் வைத்தபோது, "பெறவு பாருங்க" என்றார். ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பிவிட்டார். இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. அந்த அறையில் தார்ப்பாய் அடுக்கி வைத்திருக்கிறார்கள். வாளி அப்படியே இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை செல்வத்துக்குச் சோதனை. ஏறினான். முதல் மேடையில் நின்றான், இரண்டாவது மேடையில் கொஞ்சம் அதிகமாக நின்றான், கூண்டுக்குள் போனான். ஒரு பெட்டியைத் தூக்கி, தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி, சாய்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் மேலே கொண்டுபோனான். மதியம் டீக்கடைப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"எத்தனைலே?" என்றேன்.

"ஆறு."

"ஆறோடயா வேலை பாத்த?"

"மேடத்துக்கும் ஆறுதான அத்தான். ஆறோட அவங்க ஏறலியா?"

பெஞ்சில் இரண்டு நோட்டையும் வைத்துப் பார்த்தோம். முதலில் அவனுடையது. எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது: அந்த மூன்று பொய் என்று அந்த அம்மாவுக்கு முதலிலேயே தெரியுமா? தெரிந்தே ஏற்றிவிட்டு வேடிக்கை பார்த்தாரா? என் மூன்று மாதச் சந்தேகத்துக்கு மிஞ்சியிருந்த கடைசி நம்பிக்கை அது. தேதி தேதியாகப் புரட்டினேன். எட்டு, எட்டு, ஏழு, ஏழு என்று ஒரே பத்தி. அந்த வெள்ளிக்கிழமையில் மூன்று. எதிரில் கேள்விக்குறி இல்லை, அடிக்கோடு இல்லை. பக்கத்தில், சின்னதாக ஒரு டிக், பள்ளிக்கூட டீச்சர் போடுவது போல. நம்பியிருக்கிறார்.

அதற்கு அடுத்த பக்கத்திலிருந்து கோடு போட்டு இரண்டு பத்தி. அறிவித்தது. சரிபார்த்தது.

"இது எப்படிச் சரிபாத்தாங்க?"

"அதுக்கப்புறம் நான் நம்பரச் சொன்னதும் கையப் புடிச்சு நாடி எண்ணுவாங்க" என்றான் செல்வம். "அதுவரைக்கும் கையத் தொட்டதில்ல. சொன்னா எழுதிக்கிடுவாங்க, அவ்வளவுதான்."

அத்தனை பேர் மனசுக்குள் போய்ப் பார்க்க வந்த அந்த அம்மா, போகும்போது எங்களிடமிருந்து கற்றுக்கொண்டு போனது இந்த இரண்டாவது பத்தியை. அதுவும் என் பாடம்.

என் நோட்டை எடுத்தேன். அட்டையில் ஒட்டியிருந்த படம் ஆமை. நாற்பத்தெட்டு வயதுக்காரனுக்கு ஆமை. உள்ளே ஒரே பக்கம்தான் எழுதியிருந்தது. எனக்கு முதல் நாளே இரண்டு பத்தி. அறிவித்தது: 2. சரிபார்த்தது என்ற இடம் காலி.

தூரத்தில் ஏதோ ஒரு கிரேனில் அலாரம் அடித்து நின்றது. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்திருந்தேன். அது காகிதத்துக்கு அரை அங்குலம் மேலேயே நின்றது. அது நகர்கிற வரை செல்வம் காத்திருந்தான். காலியிடத்தில் ஐந்து என்று எழுதினேன்.

செல்வம் எட்டிப் பார்த்தான். "அத்தான், எடை குறையுதே."

ஐந்தை அடித்துவிட்டு எட்டு என்று போட்டேன். அடித்த இடத்தில் சின்னதாகக் கையெழுத்தும் போட்டேன். திருத்தினால் கையெழுத்துப் போட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் விதி.